குடத்து எண்ணெயும் வண்டி எண்ணெயும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக லக்கலவுக்குச் செல்லும் பஸ் வண்டியில் நீங்கள் என்றேனும் பயணம் செய்திருந்தால் ரிவர்ஸ்டன் ஏற்றத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். வண்டி முனகிக்கொண்டு ஏறுகின்றது. சாரதி கியரைக் குறைக்கின்றார். பின்னால் கரும்புகை குபுகுபுவென்று கிளம்பி வீதியோரத்துப் புதர்களின் மேல் படிகின்றது. பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளைகள் சட்டைக் கழுத்தை இழுத்து மூக்கை மூடிக் கொள்கின்றார்கள். மூடுபனியும் ஏலமும் மணக்க வேண்டிய இடத்தில் டீசல் மணக்கின்றது.

இதைக் காணும் நல்ல மனம் படைத்த எவருக்கும் ஓர் எண்ணம் எழும். இந்த வண்டிக்கு மண்ணுக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயை ஏன் ஊற்ற வேண்டும்? மரத்தில் காய்த்த எண்ணெயை ஊற்றினால் புகையும் குறையும், அந்நியச் செலாவணியும் மிஞ்சும், இறைவன் படைத்த காற்றும் தூய்மையாக இருக்குமே! கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கின்றது! நானும் பல நாள் இப்படித்தான் எண்ணியிருந்தேன். இப்போதும் இந்த எண்ணத்தைத் தவறென்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த எண்ணெய் எவர் வீட்டுக் குடத்திலிருந்து வருகின்றது என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளவும் என்னால் இயலவில்லை. வாசகரே, இந்தக் கேள்வியை உங்களோடு சேர்ந்து சற்று ஆராயலாம் என்று விரும்புகின்றேன்.

எண்ணெய் நமக்கு அந்நியமான பொருளன்று. பிறந்த குழந்தையாய்க் கோவிலுக்கு வந்த நாளிலே நம் மார்பில் எண்ணெய் பூசினார்கள். இறுதி நோயிலே குருவானவர் வந்து நம் நெற்றியிலும் கைகளிலும் பூசப் போவதும் எண்ணெயே. ஒலிவ மரம் வளராத நாடுகளை நினைத்து, பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972ஆம் ஆண்டு, நோயிற்பூசுதலுக்கு வேறு எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: அது தாவரத்திலிருந்து பெற்றதாய் இருக்க வேண்டும். நற்கருணைப் பேழையின் முன் எரியும் விளக்கைப் பற்றியும் 1864இல் உரோமையிலிருந்து அப்படியே ஒரு விதி வந்தது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத ஏழைக் கோவில்கள், கூடுமான வரையில் வேறு தாவர எண்ணெயை எரிக்கலாம். தேங்காய் எண்ணெயிலும் இலுப்பை எண்ணெயிலும் விளக்கேற்றிய நம் பாட்டிமார் இந்த விதியை அறிந்திருக்க மாட்டார்கள். அறியாமலே அதைக் கைக்கொண்டார்கள். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கோவில் விளக்கு ஒரு நாளைக்குக் குடிப்பது ஒரு சிறு கிண்ணம். ரிவர்ஸ்டன் ஏறும் பஸ் வண்டி குடிப்பதோ வாளிக் கணக்கில். விளக்குக்குப் பொருந்திய நியாயம் வண்டிக்கும் அப்படியே பொருந்திவிடுமா?

டீசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்த உருடோல்ப் டீசல் ஒரு ஜெர்மானியர். 1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. கனிய எண்ணெய்க்காகச் செய்த இயந்திரம் அது. எந்த மாற்றமும் செய்யாமலே கடலை எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். அந்த ஏற்பாட்டுக்குத் தூண்டுகோலாய் இருந்தது பிரெஞ்சு அரசாங்கம். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை நிறைய விளைகின்றதே, அங்குள்ள இயந்திரங்களை அதைக் கொண்டே ஓட்டலாமே என்பது அதன் கணக்கு. ஆகவே தாவர எண்ணெயில் ஓடும் இயந்திரம் பிறந்த நாளிலேயே, அந்தக் கடலையை விதைத்தவன் எவன், உண்ண வேண்டியவன் எவன் என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது. டீசலும் வெறும் எந்திரக்காரர் அல்லர். தொழிலாளர் தம்மைத் தாமே உயர்த்திக்கொள்ளும் வழியைப் பற்றி 1903இல் ஒரு நூல் எழுதியவர். அந்த நூலை அக்காலத்தில் வாங்குவாரில்லை. 1913 செப்டெம்பரில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலிருந்து மறைந்து போனார்.

அவருக்குப் பின் 1937இல் பெல்ஜியத்தில் ஒரு பேராசிரியர் பாமெண்ணெயை மாற்றி அமைத்து டீசல் போலாக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மறு ஆண்டு பிரசல்சுக்கும் லூவேனுக்கும் இடையில் ஒரு பஸ் வண்டி அந்த எண்ணெயில் ஓடியது. நம் குருமார் பலர் மேற்படிப்புக்குப் போன அதே லூவேன்தான்! அந்தப் பாமெண்ணெய் கொங்கோ நாட்டிலிருந்து வந்தது. அதுவும் அப்போது ஒரு குடியேற்ற நாடு.

ஏன் மாற்றி அமைக்க வேண்டும், அப்படியே ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். குளிர் காலத்தில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று உறைந்து, வெயிலில் வைத்தால்தான் இளகும். ரிவர்ஸ்டன் குளிரில் வண்டியின் தாங்கிக்குள்ளும் அதுதான் நடக்கும். உறையாத எண்ணெயும் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு தடிப்பானது. ஊசிமுனைத் துவாரத்தின் வழியே பனித்துளி போலச் சீற வேண்டிய எரிபொருள், தடித்துச் சொட்டி, முழுதும் எரியாமல் கரியாகப் படியும். நாள் செல்லச் செல்ல இயந்திரம் கெட்டுவிடும். ஆகவே எண்ணெயோடு மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்தெடுத்து, மெல்லிய எரிபொருளாக்குகின்றார்கள். அதைத்தான் பயோடீசல் என்கின்றோம். (மெதனோல் கண்ணைக் குருடாக்கும் நஞ்சு. வீட்டுக் குசினியில் பரிசோதனை செய்து பார்க்கும் ஆசை எந்தத் தம்பிக்கும் வர வேண்டாம்.)

இதனால் புகை குறையுமா? குறையும். சோயா எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலை 20 சதவீதம் கலந்த டீசலைப் பற்றி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2002இல் கணக்கு வெளியிட்டது. கரித்துகள் சுமார் 10 சதவீதமும், நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு 11 சதவீதமும், எரியாத ஐதரோகாபன்கள் 21 சதவீதமும் குறைந்தன. நைதரசன் ஒட்சைட்டுகள் மாத்திரம் 2 சதவீதம் கூடின. டீசல் புகை புற்றுநோயைத் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகம் 2012இல் உறுதியாகக் கூறிவிட்ட பிறகு, மூக்கை மூடிக்கொண்டு நடக்கும் அந்தப் பிள்ளைகளுக்காகவேனும் இந்தக் குறைவு சிறியதென்று சொல்ல எவருக்கும் மனம் வராது. மேலும், மரம் தான் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவைத்தான் அதன் எண்ணெய் எரியும்போது திரும்பக் கொடுக்கின்றது. பூமிக்கடியில் எத்தனையோ யுகமாக அடைபட்டுக் கிடந்ததைத் திறந்து விடுவதைப் போலன்று இது. எந்திரத்தின் பின்புறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இத்துடன் வழக்கு முடிந்தது. நாம் முன்புறத்தையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய நினைவைக் கிளறுகின்றேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோலும் டீசலும் கிடைக்காது. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை எழுப்ப மட்டும் சில துளி பெற்றோல். மண்ணெண்ணெயோடு சமையல் எண்ணெயைக் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. இரவிலே ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அந்த மினுக்கத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அதே ஆண்டுகளில், நம்மில் பலர் பெயரும் கேட்டிராத பூகன்வில் என்ற பசிபிக் தீவிலும் ஒரு முற்றுகை. அங்கு வாழ்பவரிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். செம்புச் சுரங்கத்தின் பேரால் எழுந்த போரில் 1990இலிருந்து அவர்களுக்கு எரிபொருள் வருவது நின்றது. அவர்கள் தேங்காய் எண்ணெய் காய்ச்சித் தங்கள் வண்டிகளை ஓட்டினார்கள். உலகம் பின்னாளில் அதை ஒரு திரைப்படமாகப் பார்த்து வியந்தது.

இந்த இரண்டு இடத்து மக்களையும் குறைகூற எவனுக்கு வாயுண்டு? நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் இருப்பது குசினி எண்ணெய்தான். ஊற்றினார்கள். அது தன் குடத்திலிருந்து தானே எடுத்துத் தன் தேவைக்கு ஊற்றியது. சரெப்தா ஊரின் கைம்பெண் தன் கலயத்தில் எஞ்சிய எண்ணெயை இறைவாக்கினர் எலியாவுக்காக எடுத்தாளே, அதைப்போல. தியாகம் என்ற சொல் அங்கே பொருந்தும். ஆனால் கொழும்பிலோ ஐரோப்பாவிலோ குளிரூட்டிய வாகனத்தில் அமர்ந்திருப்பவரின் வசதிக்காக அந்தக் கைம்பெண்ணின் கலயம் விலைபேசப்படும்போது, எண்ணெய் அதே எண்ணெயாய் இருந்தாலும் செயல் வேறாகிவிடுகின்றது.

நமது நாட்டில் 2022ஆம் ஆண்டு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசை. வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. லக்கலப் பகுதியிலே ஒரு சிறு விவசாயியை எண்ணிப் பாருங்கள். வயல் விளைந்துவிட்டது. சூடடிக்க லேண்ட்மாஸ்டர் இருக்கின்றது. டீசல் இல்லை. வீட்டிலே பத்துப் போத்தல் தேங்காய் எண்ணெய் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஊற்றலாமா? ஊற்றலாம் என்றே நான் சொல்வேன். நெல் வீடு வந்து சேராவிட்டால் எண்ணெய் இருந்தும் என்ன பயன்? அவன் எண்ணெயைச் சோறாக்குகின்றான்.

இப்போது அதே கணக்கைப் பெருக்கிப் பார்ப்போம். ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெய்க்கு எட்டுப் பத்துத் தேங்காய் வேண்டும். மலைப்பாதையில் பஸ் வண்டி ஒரு லீற்றருக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் ஓடும். ஆகவே நூறு கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய முந்நூறு தேங்காய். இந்நாட்டில் ஒருவர் ஓராண்டில் உண்ணும் தேங்காய் நூறுக்குச் சற்று மேல் என்பார்கள். ஒரு பஸ் ஒரு நாள் போய்வரும்போது இரண்டு மூன்று பேரின் ஓராண்டுச் சம்பலும் கறியும் புகைபோக்கி வழியாகப் போய்விடுகின்றது. பஸ்ஸிலாவது ஐம்பது பேர் போகின்றார்கள். அதை நியாயத்துக்காகச் சொல்லத்தான் வேண்டும். ஜீப்பிலே ஒருவர் தனியாகப் போனால்? தேங்காய் விலை ஏறிய நாட்களில் பாதித் தேங்காயை மூடி வைத்து மறுநாளுக்கு மிச்சம் பிடித்த தாய்மார் இந்தக் கணக்கை என்னைவிட நன்றாகப் போடுவார்கள்.

எலிசேயுவிடம் வந்த மற்றொரு கைம்பெண்ணின் கதை உங்களுக்குத் தெரியும். கடன்காரன் அவள் பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நின்றான். அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி வரச் சொன்னார் இறைவாக்கினர். ஒரு கலய எண்ணெய் எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பியது. பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றது. அதை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் அவளும் பிள்ளைகளும் பிழைத்தார்கள். சிறு வயதில் இதைக் கேட்டபோது, இன்னும் பத்துப் பாத்திரம் வாங்கி வைத்திருக்கக் கூடாதா என்று நினைத்ததுண்டு! இன்று பார்த்தால், பாத்திரம் தீர்ந்தது நல்லதாகத் தோன்றுகின்றது. வீதியில் ஓடும் வாகனங்கள் தீராத பாத்திரங்கள். அவற்றை நிரப்பி முடிக்க எந்தத் தோட்டத்தாலும் இயலாது.

இயலாது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. இந்தோனேசியா தன் டீசலில் பாமெண்ணெய் எரிபொருளை 2020இல் 30 சதவீதமும், 2023இல் 35 சதவீதமும், 2025இல் 40 சதவீதமும் கலக்க முடிவு செய்தது. அந்நாட்டின் மழைக்காடுகளும் சதுப்பு நிலங்களும் பாம் தோட்டங்களாக மாறிய கதையை உலகம் அறியும். காட்டை எரித்து, சதுப்பை வடியவிட்டு எழும் கரியமில வாயுவை ஈடுசெய்ய அந்தத் தோட்டங்களுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். 2022 ஏப்ரல் இறுதியில் அந்நாடு சில வாரங்களுக்குப் பாமெண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது, எங்கோ ஆசியாவின் மறுகோடியில் பொரித்து விற்கும் ஏழை வண்டிக்காரர்களின் தாச்சி காய்ந்தது. உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று, ஐக்கிய நாடுகள் சபையில் உணவுரிமைக்குப் பொறுப்பாய் இருந்த ஜோன் சீக்லர் 2007இலேயே கடுமையாகச் சொன்னார். சொல் சற்றுச் சூடானது; காரணம் இல்லாமல் இல்லை.

உணவுப் பயிர் வேண்டாம், உண்ணாத விதை ஏதேனும் பயிரிடுவோம் என்று எழுந்ததுதான் காட்டாமணக்கு ஆர்வம். ஆடு தின்னாது, வரட்சிக்கு அஞ்சாது, வெறும் நிலத்தில் வளரும் என்றார்கள். இந்தியத் திட்டக் குழு 2003இல், 1 கோடி 34 இலட்சம் ஹெக்டயர் நிலத்தில் அதைப் பயிரிடலாம் என்று கணக்கிட்டது. 2017க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்று 2009ஆம் ஆண்டுக் கொள்கை கூறியது. தமிழ்நாட்டிலும் விவசாயிகள் கடன் வாங்கி நட்டார்கள். பார்சலோனாவையும் பெங்களூரையும் சேர்ந்த இரு ஆய்வாளர் தமிழ்நாட்டு நிலங்களை நேரிற் பார்த்து 2010இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. சொன்ன விளைச்சல் வரவில்லை. நீர் பாய்ச்சாமல் அது காய்ப்பதாயில்லை. நட்டவர்களில் ஏழைகளே அதிகம் அடிபட்டார்கள். 2017 வந்து போனது. 20 சதவீதம் வரவில்லை. 2018இல் புதிய கொள்கை இலக்கை 5 சதவீதமாக்கி, ஆண்டையும் 2030க்குத் தள்ளி வைத்தது.

"வெறும் நிலம்" என்று சொன்னேனே, வாசகரே, அந்தச் சொல்லிடத்தில் நான் சற்று நின்றுவிடுகின்றேன். மாத்தளை மாவட்டத்தில் வாழ்கின்றவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் நிற்கத்தான் வேண்டும்.

1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலமெல்லாம், வேறொருவருடையது என்று நிரூபிக்கும் வரை முடிக்குரியது என்றது அது. லக்கல போன்ற மலைக் கிராமத்தில் சேனைப் பயிர் செய்பவன் ஒரு துண்டைச் சுட்டுக் குரக்கன் விதைப்பான். பிறகு பல ஆண்டு அதை ஆறவிட்டு அடுத்த துண்டுக்குப் போவான். ஆறுகின்ற நிலம் வெள்ளைக்காரத் துரையின் கண்ணுக்கு வெறும் நிலம். மாடு மேய்ந்த இடம், விறகு பொறுக்கிய இடம், மூலிகை பறித்த இடம், எல்லாமே ஒரு சொல்லில் வெறுமையாகிவிட்டன. அந்த நிலங்கள் கோப்பித் தோட்டங்களுக்கு விலைப்பட்டன. 1848இல் மாத்தளையில் கலகம் எழுந்ததற்குப் புதிய வரிகளோடு இந்த மனக்குறையும் காரணம். அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் யார்? நம் பாட்டன் பூட்டன்மார். வழியிலே காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. ஒருவன் தன் நிலத்தை இழந்தான். இன்னொருவன் அந்த நிலத்தில் தன் உயிரைக் கரைத்தான். இருவரையும் ஒரே சொல் பிணைத்தது. இன்று பச்சை எரிபொருளின் பேரால் எவரேனும் வந்து "இங்கே வெறும் நிலம் இருக்கின்றதே" என்றால், அந்த இருவருடைய பேரப்பிள்ளைகளும் ஒன்றாக எழுந்து, எந்த நிலம் ஐயா, யாருக்கு வெறுமை என்று கேட்க வேண்டாமா?

லக்கல மக்கள் ஏற்கனவே ஒருமுறை கொடுத்தவர்கள். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பல்லேகமவில் இருந்த பழைய ஊரும் வயல்களும் நீருக்கடியில் போயின. 2018இல் அவர்களுக்குப் புதிய லக்கல நகரம் கிடைத்தது. பசுமை நகரம் என்று அதற்குப் பெயர். சேர்ந்த தண்ணீர் சுரங்க வழியே மொரகஹகந்தைக்குப் போய், தொலைவிலுள்ள வயல்களை நனைக்கின்றது. பிறருக்குத் தண்ணீர் கிடைப்பது நல்ல காரியம்தான். கொடுத்தவனுக்கு இழப்பு இல்லையென்று அதனால் ஆகிவிடாது. பழைய கோவிலையும் தன் தகப்பன் நட்ட மாமரத்தையும் நீருக்கடியில் விட்டு வந்தவனிடம், இனி உன் சேனையையும் வாகனத்துக்குத் தா என்று கேட்க எவருக்கு உரிமை?

ஏலக்காயைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. நக்கிள்ஸ் மலைக்காட்டில் ஏலம் பயிரிட்ட காலத்தில் பெரிய மரங்களை வெட்டவில்லை, நிழல் வேண்டுமே! ஆகவே காட்டுக்குக் கேடில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கீழ்க்காடு முழுவதும் துப்புரவாகியது. இளமரங்கள் முளைக்க இடமில்லை. ஏலத்தை உலர்த்தும் சூளைகளுக்கு அந்தக் காட்டு விறகே போனது. மேலே பார்த்தால் பசுமை, கீழே பார்த்தால் வெறுமை. 2000ஆம் ஆண்டு அக்காடு பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமையிலும் இடம் பெற்றது. ஏலம் பயிரிட்ட ஏழைகள் வெளியேற வேண்டியதாயிற்று. பச்சையாகத் தெரிவதெல்லாம் கேடற்றது என்று நம்புகின்றவர்கள் ஒருமுறை அந்தக் காட்டுக்குள் நடந்து பார்க்கலாம்.

அப்படியானால் டீசல் புகையையே குடித்துக்கொண்டு இருப்பதா என்று நீங்கள் கோபமாய்க் கேட்கலாம். நியாயமான கோபம். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், நிலக்கரி, கனிய எண்ணெய் முதலியவற்றைத் தாமதமின்றிப் படிப்படியாக நீக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றார். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நம் மலைநாட்டைப் பிளந்துபோட்டதைக் கண்ட நமக்கு, சூடேறிய கடலும் கொட்டும் மழையும் எவரை முதலில் புதைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எந்தப் புகையும் தனியாக அந்தப் புயலைக் கொண்டுவரவில்லை. எந்தப் புகையும் அதற்கு முற்றும் அந்நியமுமன்று. ஆகவே சும்மா இருப்பதும் ஏழைக்கு எதிராக எடுக்கும் ஒரு முடிவுதான். ஏழையைக் காப்பாற்றுகின்றேன் என்று சொல்லிக்கொண்டு அவனிடமிருந்தே அதற்கும் விலை வாங்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

நம் பெரியவர்கள் உபாகமம் என்று வாசித்த இணைச்சட்ட நூலில் ஒரு சிறு கட்டளை உண்டு. ஒலிவ மரத்தை உலுக்கிக் காய்களை உதிர்த்த பின், எஞ்சிய காய்களைப் பறிக்க இரண்டாம் முறை கிளைகளை உலுக்காதே. அது அந்நியனுக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது. எண்ணெய்க்கென்றே சொல்லப்பட்ட சமூக நீதி இதைவிட வேறில்லை. மரத்தின் சொந்தக்காரன்கூட மரத்தை முழுதும் உறிஞ்சக் கூடாது. நிலத்தின் பலன் முதலில் உணவுக்கு. பிறகு ஏழையின் பங்குக்கு. அதற்குப் பிறகே இயந்திரத்துக்கு. பூமியின் பொருள்கள் எல்லா மக்களுக்குமாகவே படைக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்ததும் இந்த வரிசையைத்தான் தாங்கி நிற்கின்றது.

இந்த வரிசையைக் கலைக்காமல் எண்ணெய் எடுத்தவர்களும் உண்டு. கர்நாடகத்தில் கக்கனஹள்ளி என்ற வரண்ட கிராமத்தில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் உடுப்பி சிறீனிவாசாவின் வழிகாட்டலில், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் புங்கம் எண்ணெயால் இயந்திரம் ஓட்டி நிலத்தடி நீர் இறைத்தார்கள். வேலியிலும் வீதியோரத்திலும் நிற்கும் புங்கமரத்து விதை அது. ஒடிசாவின் கிஞ்சிலிங்கி என்ற பழங்குடிச் சிற்றூரில் இலுப்பை, புங்கம் முதலிய விதைகளைப் பொறுக்கி, சைக்கிள் போல மிதித்து ஓட்டும் சிறு கருவியில் பயோடீசல் செய்து, ஊருக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். விதையும் அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது, தண்ணீரும் அவர்களுக்கே. நமது மாத்தளைத் தோட்டங்களில் மிளகுக் கொடி படரும் கிளிரிசிடியாவும் இந்த வகையைச் சேர்ந்ததே: இலை மாட்டுக்கும் எருவுக்கும், தடி அடுப்புக்கு. எரிபொருளுக்கென்று ஒரு அங்குல நிலம் வேறாகக் கேட்பதில்லை. லக்கலவின் ஆற்றோரங்களில் இலுப்பை மரங்கள் உண்டு. வௌவால் தின்று போட்ட விதையைப் பொறுக்கி எண்ணெய் ஆட்டுவது பழைய வழக்கம். அதிலிருந்து ஒரு தண்ணீர்ப் பம்பி ஓடுமென்றால் மகிழ்ச்சி. கொழும்பு வீதிகள் ஓடா.

எல்லாவற்றிலும் குற்றமற்ற எண்ணெய் ஒன்றிருக்கின்றது. அது பொரித்து முடித்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் நஞ்சு சேருகின்றது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் அதற்கு அளவு விதித்து, கழிவு எண்ணெயைச் சேர்த்துப் பயோடீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கியது. இங்கு நடப்பது என்ன? பெரிய இடத்தில் பொரித்துக் கறுத்த எண்ணெய் மலிவு விலைக்குச் சிறிய கடைக்குப் போகின்றது. அங்கே கூலித் தொழிலாளியின் ரோலும் வடையும் ஆகின்றது. அந்த எண்ணெயை அவன் வயிற்றிலிருந்து மீட்டு இயந்திரத்துக்குக் கொடுத்தால் இரண்டு நன்மை. கழிவு எண்ணெயால் நாட்டின் டீசலில் மிகச் சிறு பங்கையே ஈடுசெய்யலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. மீதியைக் குறைப்பதற்கு வேறு வழிதான் தேட வேண்டும். ஐந்து பேர் ஐந்து வாகனத்தில் போகாமல் ஒரே பஸ்ஸில் ஏறுவது அவற்றில் முதலாவது. அது நமக்குப் பிடிக்காத வழி. ஏனென்றால் அதற்கு எண்ணெய்க்குப் பதிலாக நம் வசதியை ஊற்ற வேண்டும்.

வரும் ஜூன் மாதம் தோட்டங்களிலிருந்து வஹகோட்டை அந்தோனியார் திருநாளுக்குப் பஸ் வண்டிகள் புறப்படும். வழக்கம்போல ஒவ்வொரு பங்கிலும் வடையும் முறுக்கும் பொரிப்பார்கள். பொரித்து முடிந்ததும் தாச்சியில் எஞ்சும் கறுத்த எண்ணெயை என்ன செய்கின்றோம்? சாக்கடையில் ஊற்றுகின்றோமா, கேட்டு வருபவனுக்கு விற்கின்றோமா, மறுநாளைக்கும் அதிலேயே பொரிக்கின்றோமா? இந்த ஆண்டு பங்குச் சபையார் ஒரு பெரிய தகரத்தை வைத்து அதைச் சேர்த்துப் பார்க்கட்டும். எத்தனை போத்தல் சேர்ந்தது, அதை ஒழுங்காக வாங்கிப் பயன்படுத்த மாத்தளையில் எவர் இருக்கின்றார் என்று எழுதி அனுப்பினால், அந்தக் கணக்கையும் இந்தப் பக்கத்திலேயே வெளியிடலாம்.